அந்தக் கோல் யாருடையது

கால்பந்துக் கோல் வலையை ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டே மாதத்தில் இற்றுப்போகும். அதனால்தான் நீங்கள் வந்தபோது அதை உதறி உலர்த்திக்கொண்டிருந்தேன், அதிகாரி அவர்களே. ஓடிப்போக நினைத்தவன் வலையை உதறிக்கொண்டு நிற்க மாட்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஒத்தாவியோ புருசாஃபெர்ரோ. வயது அறுபத்து நான்கு. வால்செர்ரா கழகத்துக்கு என் தகப்பனார் ஆடினார், நான் பதினான்கு ஆண்டுகள் ஆடினேன், பிறகு என் மகன் ருஜ்ஜேரோ. மூவரும் தடுப்பாட்டக்காரர்கள். எங்கள் வீட்டில் யாரும் கோல் போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

தடுப்பாட்டம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவனுக்கும் ஓர் எதிராளி. அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போக வேண்டும். எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆளாக ஒருவன் நின்று, மற்றவர்கள் தவறவிட்டதைத் துடைத்தெடுப்பான். எண்பத்திரண்டில் நம் நாடு உலகக் கோப்பையை வென்றபோதும் அந்த இடத்தில் ஒருவன் நின்றான். வால்செர்ராவில் நான் நின்றேன். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு பக்கத்து ஊர் ரோக்கஸ்பீனாக்காரன் ஒருவனின் முழங்காலை உடைத்தேன். மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான். இன்னமும் கைத்தடியோடுதான் நடக்கிறான். எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோல் விழுந்தால், எவன் தவறவிட்ட ஆள் போட்டானோ அவன் திங்கட்கிழமை எர்மெஸின் மதுக்கடைக்குப் போவான். உட்காரக் கூடாது. ஒரு கோப்பையைக் கையில் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி, “அது என்னோடது” என்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டுக் கிளம்பலாம். அதன் பிறகு அந்தக் கோலைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் பதினோரு முறை போயிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு, ரோக்கஸ்பீனாவோடு கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். புதுப் பயிற்சியாளர் மிலான்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஆளைப் பிடிக்காதே, இடத்தைப் பிடி என்கிறவர். எண்பத்தெட்டாவது நிமிடம் எதிரணி பந்தை உதைக்கப்போனபோது, என் மகனும் மற்ற மூவரும் அதை எதிர்கொள்ளாமல் ஒன்றாக முன்னால் ஓடி, எதிராளியைத் தங்களுக்குப் பின்னால் விட்டுவிட்டார்கள். தடுப்பவர்களைத் தாண்டி நிற்பவனுக்குப் பந்தை உதைத்தால் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது என்பது அவர்கள் கணக்கு. ருஜ்ஜேரோ கையைத் தூக்கி, ஆஃப்சைடு கேட்டு, கோட்டோரம் நின்ற துணை நடுவரைப் பார்த்தான். கொடி எழவில்லை. எதிராளி தனியே போய்ப் போட்டான். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

திங்கட்கிழமை ருஜ்ஜேரோ மதுக்கடைக்குப் போகவில்லை. நான் போனேன். உள்ளே இருந்த ஒன்பது பேரும் எழுந்து கையைத் தூக்கினார்கள்.

“வாங்க பெரியவரே,” என்றான் எர்மெஸ். “உங்க பையன் கையத் தூக்கினா பஸ்கூட நிக்குமாம். அந்த ரோக்கஸ்பீனாக்காரன்தான் நிக்கல.”

நான் கோப்பையை எடுக்கவில்லை. அது என்னுடையதல்லவே.

மறுநாள் பிற்பகல், வலையைக் கழற்றக் கூட வரும்படி மகனை அழைத்தேன். பருவம் முடிந்தால் கழற்றுவது என் வேலை. வலை முளைகளைத் தட்டித் தளர்த்த என்னிடம் ஒரு சம்மட்டி இருக்கிறது. அது உங்களிடம்தான் இப்போது இருக்கிறது.

“அந்தக் கோல் யாரோடது?” என்று கேட்டேன்.

“யாரோடதும் இல்லப்பா. எனக்கு ஆளே கிடையாது, எனக்கு இடம்தான்.”

“கோல் விழுந்திருக்கு. யாராவது ஒருத்தனோடதா இருக்கணும்.”

அவன் சிரித்தான். “உங்க காலத்துல கக்கூஸுக்குக்கூட ஆளுக்குப் பின்னாலயே போவீங்க. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. விடுங்க, அம்மா இன்னிக்கு முயல் சமைச்சிருக்காங்க.”

சொல்லிவிட்டு முளையைப் பிடுங்கக் குனிந்தான்.

முதல் அடியை முழங்காலில் கொடுத்தேன். அதில் கோபம் இல்லை. அந்த இடம் எனக்குத் தெரியும், சத்தமும் தெரியும். அவன் வலைக்குள் விழுந்தான். நான் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, “என்னோடதுன்னு சொல்லு, நானே உன்னத் தூக்கிட்டுப் போறேன்” என்றேன்.

“அது ஆஃப்சைடுப்பா,” என்றான்.

இரண்டாவது அடி தோளில். மறுபடி கேட்டேன். வலையைப் பற்றிக்கொண்டு அதையே சொன்னான். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதே வார்த்தைதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதன் பிறகு தலையில் அடித்தேன். எத்தனை முறை என்று மருத்துவர் சொல்லியிருப்பார்.

அவனை நான்தான் கொன்றேன். இடம் கொன்றது, வரிசை கொன்றது என்று சொல்ல மாட்டேன். இது என்னுடையது. எங்கள் வீட்டு மானம் இந்த ஒரு வாக்கியத்தில் நேராகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

உள்ளூர்த் தொலைக்காட்சி எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்கள். பார்த்தேன். ரோக்கஸ்பீனாக்காரன் ஒரு முழத் தூரம் ஆஃப்சைடில்தான் நிற்கிறான். ருஜ்ஜேரோ சொன்னது சரிதான்.

அப்படியானால் அந்தக் கோல் கொடியைத் தூக்காதவனுடையது. இவ்வளவு நேரம் அவன் பெயரை நீங்கள் சொல்லவே இல்லை. எந்த ஊர்க்காரன் அவன்?