நம்ம பையன்

நான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கை கழுவுவேன். வேலை அப்படி. ஸ்கேன் அறையில் நோயாளிகளை மேசையில் படுக்க வைப்பது, இறக்குவது, அவர்கள் விட்டுப்போகும் வியர்வையையும் எச்சிலையும் துடைப்பது. இதிலெல்லாம் எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றேன். பள்ளியில் என் பெயரைப் பாதியாக வெட்டினார்கள். பாதிக்கே திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அதற்காக எனக்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். விருந்துக்குப் போனால், "துரை வந்தாச்சு, கரண்டி எடுத்து வைங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன், வாயை மூடிக்கொண்டு.

அப்பா இறந்தபோது எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஒரு வாரம் எழுதி, கண்ணாடி முன் பேசிப் பழகியிருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு குழறியது. பின்வரிசையில் யாரோ அதை அப்படியே சொல்லிக் காட்டினார்கள். சங்கச் செயலாளர் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"துரைக்குத் தமிழ் மறந்துபோச்சு. பாவம். அவங்க அப்பாவைப் பத்தி நானே சொல்லிடறேன்."

சிரித்தார்கள். மேசையில் அப்பாவின் படம் இருந்தது. செயலாளரின் எச்சில் ஒரு பொட்டு அதன் மேல் தெறித்து, கூட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தது. அருவருப்பு அங்கே தொடங்கியது. முடிவில் அவர் தன் வழக்கமான பெருமையைச் சொன்னார். "முப்பது வருஷமா இங்க இருக்கேன். இவனுங்க பாஷையில ஒரு வார்த்தை கத்துக்கல." கைதட்டினார்கள்.

மறுநாள் மருத்துவமனையில், ஊழியர்களுக்குத் தெரிந்த மொழிகள் என்ற பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த தமிழை அடித்தேன்.

நான்கு வருடம் கழித்துச் செயலாளர் எங்கள் மேசைக்கு வந்தார். மகள் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். படிவத்தின் கேள்விகளைப் படிக்கத் தெரியாமல், இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாகக் குறி போட்டிருந்தார். இரண்டாவது கட்டம் என்றால் 'இல்லை', மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்விக்கும். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கிற ஆள் இல்லை அவர்.

படம் தெளிவாக விழுவதற்காகச் சிலருக்கு ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவோம். நர்ஸ் அந்தப் புட்டியை எடுத்ததும் அவர் எழப் பார்த்தார். ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, நீ நம்ம பையன்தானே? போன தடவை இதை ஏத்தினப்ப எனக்கு மூச்சே நின்னுபோச்சுப்பா. வேணாம்னு அவங்ககிட்ட சொல்லு."

நம்ம பையன். மணிக்கட்டை விடுவித்துத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன சொல்றாரு? உங்களுக்குப் புரியுதா?" என்று நர்ஸ் கேட்டார்.

இந்த இடத்தில் நான் பொய் சொன்னதாக உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று நானாக முடிவு செய்யவில்லை. ஊர் கூடி, மைக் வைத்து அறிவித்த விஷயம் அது. நான் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான். புரியவில்லை என்றேன்.

நர்ஸ் படிவத்தைப் பார்த்தார். வரிசையாக 'இல்லை'. இருந்தாலும் தயங்கினார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கட்டுமா என்று கேட்டார். உங்கள் அறிக்கையில் இது இல்லை, நானே சொல்கிறேன். "எதுக்கு? குளிருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றேன். போர்வை எடுத்து வந்தேன். ஊசி குத்திய கையை மட்டும் வெளியே விட்டு, கழுத்துவரை இறுக்கமாகப் போர்த்தினேன்.

மருந்து ஏறியது. மூச்சு நிற்கும்வரை அவர் தமிழில்தான் பேசினார். சொன்ன சொல்லில் நின்றார், அதை மறுக்க மாட்டேன்.

பிறகு மேசையை இரண்டு தடவை துடைத்தேன். கை கழுவினேன்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில்தான் கொடுப்பேன் என்று நான் கேட்டதால் இந்த அம்மாவை அழைத்து வந்தீர்கள். எங்கள் ஆள்தான். ஒரு மணி நேரமாக நான் சொல்லச் சொல்ல உங்களுக்கு மொழிபெயர்த்தவர், போர்வை வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்களே, அப்புறம் எப்படிங்க..."

அந்த முதல் பாதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.