வடக்குச் சுவருக்கு அப்பால்

கதவை இறுக்கிச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது... சரி. இது நம் லுப்புவின் தாய்மாமன் தனிலாவுக்கு நடந்தது. லுப்பு குடிக்காத ஆள். அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதம். ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. ஊரே ஒரு கல்யாண வீட்டில் இருந்தது. உப்புச் சுரங்கத்துக்குப் போகும் மலைச்சாலையில் தனிலா மட்டும் நடந்துகொண்டிருந்தார். அவர் பூட்ஸுக்கு அடியில் பனி நெரியும் சத்தம்... வேறொன்றும் இல்லை.

பெண்டாட்டி சவேத்தா செத்துப்போய் இரண்டு வருஷம். பிள்ளை கிடையாது. ஞாயிறன்று வீட்டில் இருந்தால் கடிகாரம் ஓடுவது மட்டும் கேட்கும். அதற்குப் பயந்தே ஞாயிற்றுக் காவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கும் வேலை. உப்புச் சுரங்கத்துக்குத் தண்ணீர்தான் எமன். ஈரம் தென்பட்டால் விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். உப்புக் கரித்து நாக்கு எரிந்தால் பயமில்லை; அது கரைக்க முடிந்ததையெல்லாம் கரைத்து முடித்த தண்ணீர். சப்பென்றிருந்தால்தான் ஆபத்து. மழை வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள்.

கீழே சுவரெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக வரிகள். ஒரு காலத்தில் அது கடல். மலைகள் வளைத்து அடைத்துவிட, வெயில் குடித்துத் தீர்த்த கடல். வற்றியபோதெல்லாம் ஒரு வெள்ளை வரி, சேறு படிந்தபோதெல்லாம் ஒரு சாம்பல் வரி. மேலே மண் சேர்ந்து அமுக்க அமுக்க, உப்பு பிசைந்த மாவு போல நெளிந்து மேலே ஏறி வந்துவிட்டது. அதைத் துளைபோட்டு, வெடி வைத்துப் பெயர்க்கிறார்கள். கூரை விழாமலிருக்க உப்பையே தூண்களாக விட்டுவைக்கிறார்கள்.

கடைசி அறையின் வடக்குச் சுவரை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதற்கு அப்பால் பழைய குழி. பிக்காசால் கொத்தி, குதிரைகள் சுற்றி இழுத்த கயிற்றில் பாளம் பாளமாக உப்பை ஏற்றிய காலத்துக் குழி. ஒரு நாள் அதில் தண்ணீர் புகுந்தது. எல்லோரும் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். மேலே வந்து எண்ணியபோது ஒருவன் குறைந்தான். வெளியூர்க்காரன். பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

அன்று தனிலா அந்தச் சுவரடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார். உப்புக்குள் எலி இல்லை, பூச்சி இல்லை. காதுக்குள் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும்.

டக்... டக்... டக்.

உப்பு தானாக வெடிக்கும், அவருக்குத் தெரியும். ஆனால் உப்பு மூச்சு வாங்க நிற்காது. இது நின்றது. மறுபடி தொடங்கியது. ஆள் கொத்துகிற சத்தம்.

விளக்கின் அடிப்பாகத்தால் சுவரில் மூன்று முறை தட்டினார். சத்தம் நின்றது. பிறகு... அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு.

ஓடியிருக்க வேண்டும். அவர் ஓடவில்லை. இரண்டு வருஷமாக அவருக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போய்ச் சுவரோடு பேசினார். பனி எப்படி, முட்டைக்கோஸ் ஊறுகாய் எப்படி, எல்லாம். மேஸ்திரி இலாரி கேலி செய்தான்.

"என்ன தனிலா அண்ணே, ஞாயித்துக்கிழமைன்னா சவரம் பண்ணிட்டு வர்றீங்க? கீழ யாரையாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"பேச்சுத்துணைக்கு ஒருத்தன் இருக்கான்டா."

"பாத்து அண்ணே. கீழ இருக்கிறவளுக்கு மூட்டுவலி வந்துரப் போவுது."

இருவரும் சிரித்தார்கள்.

முதலில் சுவரில் காதை ஒட்டினால்தான் கேட்டது. ஈஸ்டர் வந்தபோது, அறையின் நடுவில் நின்றாலே கேட்டது. அப்போதுதான் தனிலாவுக்கு உறைத்தது. அவன் சும்மா கொத்தவில்லை... வந்துகொண்டிருக்கிறான்.

இலாரியை அழைத்துப்போய்க் காட்டினார். இலாரி வெகுநேரம் காதை வைத்துக் கேட்டான்.

"ஒண்ணும் இல்லையே அண்ணே. இந்த வாரம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. தனியா இருக்காதீங்க."

அவன் மேலே போனதும் தனிலா விளக்கைச் சுவரில் ஒட்டிப் பிடித்தார். அந்த இடத்தில் சுத்தமான உப்பு. தீக்கு நேரே பிடித்த உள்ளங்கை போலச் சிவந்தது. விளக்கை எடுத்தார்.

சிவப்பு போகவில்லை.

உள்ளே, வெகு அருகில், வேறொரு வெளிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கை உயர்ந்து இறங்கியது. டக். கெட்ட கொழுப்பு எரியும் வாடை வந்தது... பழைய காலத்து விளக்கின் வாடை. சுவரில் ஈரம் மினுங்கியது. தொட்டு நாக்கில் வைத்தார். சப்பென்றிருந்தது.

"தம்பி," என்றார். "இந்தப் பக்கமா வராதே. நீ வந்தா தண்ணியும் கூட வரும். இங்க நாப்பது பேர் வேலை பாக்குறாங்க. புள்ளகுட்டிக்காரங்க."

கை நின்றது. மூன்று தட்டு வந்தது.

பதில் இல்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று தனிலாவுக்குத் தெரியாதா? இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறுபடி மூன்று தட்டு. மெதுவாக. அவர் அழுதுகொண்டே படியேறினார். அதன்பின் இறங்கவே இல்லை.

சுவர் காய்ந்தது. சுரங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே மாதம் மழை பிடித்தது. ஒரு விடியற்காலை தனிலா வீட்டுக்குப் பின்னால் புல்வெளி உள்வாங்கி, வட்டமாக ஒரு குட்டை திறந்துகிடந்தது. லுப்பு ஓடினான். குட்டைக் கரையிலிருந்து காலடிகள், ஈரம் உலர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்து, வீட்டு வாசல் வரை போயிருந்தன.

தனிலா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். சவரம் செய்திருந்தார்.

"மாமா, பயமா இருக்கு, எங்க வீட்டுக்கு வந்துருங்க."

"இன்னொரு நாள் வர்றேன்டா. ஆள் வந்திருக்கு. தூரத்துலேருந்து வந்திருக்கான்... களைப்பா இருக்கான்."

கதவு சாத்திக்கொண்டது.

அந்த வருஷக் குளிர்காலத்தில், தூக்கத்திலேயே, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் தனிலா இறந்துபோனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சாமான்களை லுப்பு எடுத்துவந்தான். அவற்றில் அடுப்படிப் பெஞ்சும் ஒன்று. அதில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு உப்பு பூத்திருந்தது. துடைத்தான். காலையில் மறுபடி பூத்திருந்தது.

போன வாரம் அதை நானும் பார்த்தேன். இப்போது அதில் இரண்டு ஆள் அகலத்துக்குப் பூத்திருக்கிறது... நெருங்கி, தோளோடு தோள்.