டாமரேக் ஆற்றின் வரைபடம் திறக்காத ஏப்ரல்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மன்றத் தலைவி ஜெரால்டின் பஸ்கால் அவர்களே! முன்வரிசையில் கம்பளி போர்த்தி வீற்றிருக்கும் மூத்தோரே! மீன் அரிந்த கையைக் கழுவிய ஈரத்தோடு விரைந்து வந்திருக்கும் தாய்மாரே! டாமரேக் ஆற்றின் மக்களே! நம் பழங்குடியின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் மானிய விண்ணப்பம் எழுதும் தியோடோரா, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"கம்ப்யூட்டர் உரிமத்துக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்கிறது ஐயா, கேட்கிறது! நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முணுமுணுத்தேன்.

நம் கிளாரன்ஸை அறியாதவர் உண்டா? பதினோரு ஆண்டுகள், பனியிலும் பாசியிலும் இடுப்பளவு நீரில் நின்று, ஆற்றின் வெப்பத்தை அளந்தவர். அத்தனை அளவுகளும் ஒரே வரைபட மென்பொருளுக்குள் இருந்தன. கடந்த ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை அதைத் திறந்தார். திரை சொன்னது: உரிமம் முடிந்தது!

எப்போது? கல்குவாரிக்கு நம் ஆற்றோரம் கிணறு தோண்ட அனுமதி தரலாமா என்ற விசாரணைக்கு ஒன்பதே நாள் இருந்தபோது!

"ஏம்மா தியோ, ஆத்துல நின்னது நானு. பூட்டுப் போட்டது எவன்?" என்றார் கிளாரன்ஸ். கோபமில்லாமல்தான் கேட்டார்.

எவன்? எதற்கு? எப்படி? தேடினேன். உரிமம், முன்பு எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த மார்லீனின் பெயரில் இருந்தது. அவள் வேலையை விட்டு ஸ்போகேன் நகருக்குப் போய் இரண்டு ஆண்டுகள்! நினைவூட்டல் மடல்களெல்லாம் யாரும் திறக்காத அவளுடைய பழைய அஞ்சல் பெட்டிக்கே போயிருந்தன. தொலைபேசியில் அழைத்தேன்.

"அடியே, இன்னுமா என் பேருல ஆறு ஓடுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள்! அடுத்து வருவது எனக்குச் சிரிப்பில்லை. மானியம் தரும் அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டேன்: "உரிமத்துக்கும் மானியத்துல இடம் உண்டாங்க?"

"தாராளமா உண்டு. ஆனா உங்க விண்ணப்பத்துல வலை இருக்கு, பூட்ஸ் இருக்கு, வண்டிக்கு டீசல் இருக்கு. உரிமம்னு ஒரு வரி இல்லையேம்மா. யாரு எழுதினது?"

யார் எழுதியது? நான் எழுதியது! ஆறு ஆண்டுகளாக, உரிமத்துக்கென்று ஒரு வரி எழுதாமல், ஆண்டு முடிவில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு சமாளித்தவள் நான். இம்முறை எதுவும் மிஞ்சவில்லை. பூட்டுப் போட்டவள் நானே என்று கிளாரன்ஸிடம் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை என் முன் நகர்த்தினார். பிறகு, "சரி, பேனாவ எடு" என்றார்.

மானியத் திட்டத்தைத் திருத்த அனுமதி கேட்டோம். விசாரணைக்கு முன் கிடைக்கவில்லை. கிளாரன்ஸ் நனைந்து உலர்ந்த தம் குறிப்பேடுகளை விசாரணை மேசையில் அடுக்கினார். விசாரணை அதிகாரிகள் முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். இருபதாம் நாள் உரிமம் வந்தது. இம்முறை எந்தத் தனியாள் பெயரிலும் இல்லை, நம் குடியின் பெயரில்!

வரைபடம் விரிந்தது. ஆற்றின் வளைவுக்குக் கீழே ஒரு நீலப் புள்ளி! கோடையிலும் குளிர்ந்த நீர் அடியிலிருந்து ஊறும் இடம். வெயில் காலத்தில் சால்மன் மீன் எங்கே போய் ஒளிகிறது என்று எத்தனை ஆண்டுகள் வியந்தோம்! விடை அங்கே இருந்தது. குவாரி கேட்ட கிணறோ, அந்த ஊற்றுக்கு நேர் மேல்கரையில், அதையே உறிஞ்சிவிடும் இடத்தில்! அனுமதி மறுக்கப்பட்டது. பின்னால் நின்று தரையைப் பார்க்கிறாரே கிளாரன்ஸ், அவருக்குத் தட்டுங்கள் கைகளை!

இன்று உங்கள் வாக்குக்கு ஐந்தாண்டுத் திட்டம் வருகிறது. எந்த உரிமம், எந்த நாளில் முடியும், யார் பொறுப்பு, எந்த மானியம் தாங்கும் என்று வரி வரியாக எழுதியிருக்கிறோம். வாக்கு மட்டும் போதாது மக்களே! என் மேசைக்கு வாருங்கள். கேளுங்கள்! நான் எரிச்சல்பட்டாலும் கேளுங்கள்! என்னை எவரும் கேட்காத ஆறு ஆண்டுகளில், ஓர் ஆற்றையே இழக்கப் பார்த்தோம்.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. சமையற்கூடத்தில் மீன் வெந்துவிட்டது. மூத்தோர் முதலில் எழுக! வணக்கம்.