நட்சத்திரப்பழ இலைத் தண்ணீர்

நட்சத்திரப்பழ இலையை அதிக நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் கசந்துவிடும். மரிவிக்குக்கு அதைப் பதமாகக் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

ஹனோய்க்கு வெளியே இருக்கிற அந்த வீட்டில் பதினான்கு வருடமாகச் சமையலும் துவையலும் என் பொறுப்பு. வெளிநாட்டுக் கலைஞர்கள் மூன்று மாதம் தங்கி, மரப்பாலில் செய்யும் எங்கள் அரக்கு ஓவியத்தைக் கற்றுக்கொண்டு போவார்கள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், கடிதம் போடுகிறேன் என்பார்கள். நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடப் போடவில்லை. நான் குறை சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பிழைப்பு.

மரிவிக் மணிலாக்காரி. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். "தோவாக்கா, உன் சட்டி மீனுக்காகவே நான் இங்கயே இருந்துடுவேன் போல" என்பாள். நான் அதை நம்பினேன்.

பச்சை மரப்பால் புதிதாகத் தொடுகிறவர்களைக் கடிக்கும். தோல் தடித்து அரிக்கும். பட்டறைக்காரர் கியெம் மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார். "கடி வாங்காம எவன் கத்துக்கிட்டான்? பத்து நாள்ல அடங்கிடும், போ." அந்தப் பத்து நாளும் அவள் என் மடியில் கிடந்தாள். இலைத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டேன், குடிக்கவும் கொடுத்தேன். அடங்கியதும் பட்டறைக்கு ஓடிவிட்டாள். சாப்பாடும் அங்கேயே.

அவளுடைய கையுறைகளைத் துவைப்பதும் நான்தான். உள்ளே விரல் நுனியில் கொஞ்சம் மரப்பால் தடவி வைத்தேன். மறுநாளே திரும்பி வந்தாள். அதன்பிறகு அடிக்கடி வந்தாள்.

"என்னம்மா தோவா, இந்தப் பொண்ண மட்டும் விடவே மாட்டேங்குது?" என்றார் கியெம் மாமா.

"சில உடம்பு அப்படி, மாமா."

"நீ இல்லன்னா இவ பாடு திண்டாட்டம்தான்."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியைக் கட்டினாள். "போனதும் லெட்டர் போடறேன்க்கா" என்றாள். அந்த வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை அவள் குடிக்கிற இலைத் தண்ணீரில் மரப்பாலைக் கலந்தேன். முகம் வீங்கினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், இன்னும் ஒரு வாரம் இருப்பாள் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதுக்கா" என்றாள். அதிகம் கொதித்துவிட்டது என்று சொல்லி, மிச்சத்தை நானே ஊட்டினேன். மதியத்துக்குள் தொண்டை அடைத்துவிட்டது. என் மடியில்தான் போனாள்.

உடலை வாங்க அவளுடைய அம்மா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், கடிதம் போடுகிறேன் என்றார். போன வாரம் வந்தது, ஐயா. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த முதல் கடிதம். என் மகளுக்கு நீதான் தாயாக இருந்தாய் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்தம்மாவுக்கும் இப்போது உடம்பு சரியில்லையாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள யாருமில்லையாம். நீங்கள் விட்டால், நான் போய்ப் பார்த்துக்கொள்வேன்.