பதினொரு கருவிகள்

எனக்கு நோர்வீஜிய மொழி நன்றாக வரும். முப்பத்தைந்து வருடமாக மற்றவர்களுடைய கடிதங்களை வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்தவன். ஆனாலும் இந்தப் பொலிஸ் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். உங்கள் மொழியில் நான் இதுவரை விண்ணப்பங்கள் மட்டும்தான் செய்திருக்கிறேன். இது விண்ணப்பம் இல்லை. மொழிபெயர்க்க வந்த தங்கச்சி சென்னைக்காரி போலிருக்கிறது, நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் மந்திரம் தொடங்கிவிட்டேனோ என்று நிமிர்ந்து பார்க்கிறா. பரவாயில்லை, பழகிவிடும்.

பெயர் குலசேகரம். வயது அறுபத்திரண்டு. புருசெத் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் பசுமைக் குழுவுக்கு நான்தான் தலைவர். போன வருடம்வரை ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தேன். இருபத்தாறு வருடம். நீரிழிவுக்காரருடைய தட்டுகள் என் பொறுப்பு. ஒரு தட்டுக்கூடப் பிந்திப் போனதில்லை.

எங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு வெற்றுநிலம் இருக்கிறது. ஓரத்தில் ஓடை, நாலைந்து பேர்ச் மரங்கள், பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கும் ஒரு மேடு. ஒரு கட்டடக் கம்பனி அதை விலைக்குக் கேட்டது. சங்கம் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரரிடமும் வாக்கெடுப்பு வைத்தது. ஒன்று, நிலத்தை விற்காமல் பூங்கா ஆக்குவது. அதற்காகப் பதினைந்து வருடத்துக்கு மாதக் கட்டணம் கூடும். மற்றது, நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் பழைய கட்டடங்களுக்கு லிஃப்ட் போடுவது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் அதை எந்தக் கூட்டத்திலும் மறுத்ததில்லை.

நாலு வருடம் நான் அந்தப் பூங்காவுக்காக அலைந்தேன். வரைபடம் கீறுவித்தேன், கதவு கதவாகத் தட்டினேன். குளிர்காலக் கூட்டத்தில் நான் பேசி முடித்தபோது நோர்வீஜியர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த நாட்டில் எனக்காக யாராவது எழுந்து நின்றது அன்றுதான். என்னுடைய பல்கணி அந்த நிலத்தைப் பார்த்தபடி இருப்பது உண்மைதான். அது தற்செயல். எல்லாம் பிள்ளைகளுக்காகச் செய்ததுதான்.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். இணையத்தில் வாக்களிக்க ஆள் தன்னை நிரூபிக்க வேண்டும். அதற்கு வங்கி ஒரு சின்னக் கருவி தரும். அமத்தினால் இலக்கம் காட்டும், கூடவே இரகசியச் சொல்லும் வேண்டும். எங்கள் முதியவர்களில் பதினொரு பேர் அந்தக் கருவியையும் இரகசியச் சொல்லையும் என்னிடமே தந்திருந்தார்கள். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பெயர் ஒட்டி வைத்திருந்தேன். வரி, ஓய்வூதியம், மருத்துவர் நேரம் எல்லாம் நான்தான் பார்ப்பேன். உங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. உங்களில் ஒருவர் தன் சாவியைத் தம்பிக்குக் கொடுக்கவே யோசிப்பார். நாங்கள் நம்பினால் முழுவதையும் கொடுத்துவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று கேட்கவும் மாட்டோம்.

வாக்கெடுப்பு தொடங்கிய நாளே பதினொரு பேருக்கும் நான் பூங்காவுக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "உமக்குச் சரியெண்டு படுகிறதைச் செய்யும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பத்துப் பேர் நிச்சயமாக.

பதினோராவது ஆள் அருளானந்தன் அண்ணை. எழுபத்தாறு வயது, தனிக்கட்டை, எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடி. இரண்டு முழங்காலும் போய்விட்டன. கடுமையான நீரிழிவு. காலையில் தாதி வந்து பார்த்துவிட்டுப் போவா. பின்னேரச் சாப்பாடு என் மனைவி செல்வமலர் கட்டித் தருவா, நான் மூன்றரைக்குக் கொண்டுபோவேன். ஐந்து வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. படியில் என் காலடி கேட்டவுடனே அவர் இன்சுலின் ஊசியைப் போட்டுவிடுவார். நான் கதவைத் திறக்கும்போது பிளேட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு இருப்பார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவீர்கள், சாப்பாட்டைக் கண்ட பிறகு போடுங்கள் என்று தாதி எத்தனையோ தரம் சொன்னா. "குலம் வந்தால் சோறு வந்த மாதிரித்தான்" என்பார்.

வாக்கெடுப்பின் கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அன்று காலை அவர் தொலைபேசிக்கு வந்திருந்த ஒரு செய்தியைத் தாதி வாசித்துச் சொல்லியிருக்கிறா. உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது, நன்றி, ஆறு மணிவரை மாற்றலாம் என்று இருந்ததாம். அவர் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். வரும்போது கருவியைக் கொண்டு வா என்றார். நான் சாப்பாட்டை மட்டும் கொண்டுபோனேன்.

"அதைக் கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார். ஊசி போட்டு முடித்து, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு கொண்டு வந்தனான் அண்ணை."

"ஆரைக் கேட்டு என்ரை வாக்கைப் போட்டனி?"

"நீங்கள் எப்பவும் என்னட்டைத்தானே விடுறனீங்கள்."

"வரி எண்டால் விடுவன், பென்சன் எண்டால் விடுவன். இது என்ரை கால், தம்பி. ஏழு மாசமா நான் மண்ணிலை கால் வைக்கேல்லை. லிஃப்ட் வந்தால் ஒருக்காக் கீழை போய் வெயில்லை இருப்பன். உன்ரை பார்க்கை நான் யன்னலாலையே பாக்கிறது?"

நான் அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பூங்கா நூறு வருடம் நிற்கும், லிஃப்ட் இருபது வருடத்தில் பழுதாகும் என்றேன். அவர் கேட்கவில்லை. சங்கத் தலைவி ஹெகேக்கு எடுத்து, என் டின்னைப் பற்றியும் அதற்குள் இருக்கும் மற்றப் பத்துப் பேரைப் பற்றியும் சொல்லப்போவதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் பதினொன்றும் செல்லாது. என் பெயரும் அதோடு சரி. பிறகு அவர் ஒன்று சொன்னார், அது தேவையில்லாத கதை.

"உனக்குப் பிள்ளையளிலை ஆசையில்லையடா. கைதட்டிலை ஆசை."

அது எனக்கு மனவருத்தமாக இருந்தது. ஐந்து வருடம் சோறு சுமந்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அவருடைய தொலைபேசி சார்ஜில் கிடந்தது. நான் எழுந்து அதை எடுத்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஆத்திரத்தில் எடுத்துக் கண்டதையும் பேசிவிடக் கூடாது என்றுதான். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பாத்திரம் என் மடியில் இருந்தது. அடி இன்னும் சூடாக இருந்தது நினைவிருக்கிறது.

நாலு மணிக்கு அவருக்கு வியர்த்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்குது. ஊசி போட்டிட்டன். சோத்தைத் தா" என்றார்.

"தாறன் அண்ணை. ஹெகேக்குச் சொல்ல மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவர் என் மடியில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "சொல்ல மாட்டன், தம்பி. தா" என்றார்.

நான் கொடுக்கவில்லை. பசியிலும் பயத்திலும் ஒருவர் சொல்லும் சம்மதத்துக்குப் பெறுமதி இல்லை. வாக்கெடுப்பு வேலையில் இருந்தவன், அந்த நியாயம் எனக்குத் தெரியும்.

அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெட்டி அப்பிள் ஜூஸ் இருக்கும். அவர் கையை நீட்டினார். நான் அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். கைத்தடியால் தரையில் இரண்டு தரம் தட்டினார். கீழ்வீட்டுக்காரர் வேலையால் வர ஏழு மணியாகும், அது இருவருக்குமே தெரியும். ஆனாலும் தடியை வாங்கிச் சுவரோரம் சாத்தினேன். அவரை நான் ஒரு தரமும் அடிக்கவில்லை, தள்ளவில்லை. மூச்சு விட வசதியாக அவருடைய சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றிவிட்டேன். நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள்.

நாலே முக்காலுக்கு அவருடைய கதை குழம்பியது. என்னைத் தம்பி என்றார், பிறகு யாரோ செல்லத்துரை என்றார். ஒரு தரம் தெளிவாக, "குலம், கை குளிருது" என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. ஐந்து மணிக்குப் பிறகு அவர் பேசவில்லை. தலை சாய்ந்து, குறட்டை போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அப்போதும் ஒரு ஊசி மருந்தில் எழுப்பியிருக்கலாம் என்பதும் தெரியும்.

ஜன்னலால் அந்த நிலம் தெரிந்தது. மூன்று பிள்ளைகள் ஓடையில் தடி விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தரைக்கு செல்வமலர் எடுத்தா. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டா. அண்ணையோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டா. காணும், போதும் என்றேன். அவவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. ஆறு இருபதுக்கு ஹெகேயின் செய்தி எல்லோருக்கும் வந்தது. பூங்கா ஏழு வாக்கால் வென்றது. அதை நான் அண்ணைக்குச் சத்தமாக வாசித்தேன், முதலில் நோர்வீஜிய மொழியில், பிறகு தமிழில். அவருக்குத் தமிழில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

பதினொரு வாக்கையும் கழித்துவிட்டு மறுபடி எண்ணுவார்கள் என்கிறீர்கள். அது உங்கள் வேலை. ஆனால் பிள்ளைகளையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள் என்று ஹெகேயிடம் சொல்லுங்கள்.

ஆறு மணிவரை அவரைப் பேசவிடாமல் வைத்திருந்தால் போதும் என்று நினைத்தேன், உயிர் போகும் என்று நினைக்கவில்லை என்று நேற்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன். இரண்டு நாளாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இன்று காலை நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்த பிறகு, அம்புலன்ஸுக்கு எடுக்க ஏன் ஏழு இருபத்தைந்து ஆனது என்று கேட்டீர்கள்.

ஆறு மணிக்கு அவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.