முத்துச்சரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், சார். அந்தச் செடிக்கு வேறு பக்குவம் எதுவும் கிடையாது. பச்சைப் பட்டாணி கோத்தது போல நூல் நூலாகத் தொங்கும். கடைக்காரர் முத்துச்சரம் என்று சொல்லிக் கொடுத்தார். ஜன்னலோரம் தொங்கவிட்டு, இடுப்பளவு இறங்கும்வரை வளர்த்தேன்.

நான் பல்செட் செய்கிறவள். நாளெல்லாம் மெழுகும் அச்சும்தான். வீட்டுக்கு வந்தால் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் பேசாமல் இருந்தால் போதும் எனக்கு.

மாமா இறந்த பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். என்னை வளர்த்தவள் அவள்தான். தலை நரைத்த பிறகும் எனக்குப் பெயர் பாப்பாதான். வந்த நாளிலிருந்து நான் வேலைக்குப் போனதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். சரங்கள் அடியில் குழைந்து, கொத்துக் கொத்தாக விழுந்தன.

“ஊத்தாதக்கா, அழுகுது.”

“போடி, பிள்ள பெத்தவ மாதிரி பேசுற. வாயில்லாத ஜீவன், தவிக்காதா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

தொட்டியைக் கூரையருகே உயரக் கொக்கியில் மாட்டினேன். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள், ஏறமாட்டாள் என்று நினைத்தேன். முக்காலி போட்டு ஏறினாள். அதில் ஒரு கால் ஆடுகிறது, திருகாணியை இறுக்கிக் கொடு என்று என்னிடமே கேட்டாள். நான் திருகாணியைக் கழற்றி எடுத்துவிட்டு, காலை மட்டும் துளையில் செருகி வைத்தேன். ஒருமுறை விழுந்தால் பயம் வரும். சொல்லிக் கேட்காதவர்களுக்கு வேறு என்ன செய்வது?

மறுநாள் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோதே ஏறி விழுந்தாள். பிடிக்கப் போன கையோடு செடியும் வந்துவிட்டது.

“பாப்பா, கால அசைக்க முடியல. யாரையாவது கூப்பிடு.”

“இருக்கா, கூப்பிடுறேன்.”

முதலில் செடியைப் பார்த்தேன். அது இயல்புதானே. அழுகியதை நறுக்கிவிட்டு, நல்ல சரங்களைப் புது மண்மேல் வளையமாகச் சுற்றி வைத்தேன். அப்படி வைத்தால் கணுவுக்குக் கணு வேர்விடும். அதை அவசரமாகச் செய்ய முடியாது. அக்கா தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன். அவளுடைய கைபேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பகல் முழுக்க யாரோ முனகியது போலிருந்தது என்று கீழ்வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். தொலைக்காட்சி ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டதில் தப்பில்லை.

சாயங்காலம் திரும்பியபோது அவளுக்கு உயிர் இருந்தது. உதடு வெடித்திருந்தது. குரல் எழும்பவில்லை. குனிந்து கேட்டேன்.

“சாப்பிட்டியா பாப்பா?”

சாப்பிட்டேன் என்றேன். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் மூச்சு அடங்கிய பிறகுதான் வெளியே வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

உண்மையில் அன்று நான் எதுவும் சாப்பிடவில்லை, சார். அக்காவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அது மட்டும்தான் மனதை உறுத்துகிறது.