கட்பீஸ் அக்காவின் போர்வையை வெட்டச் சொன்னார்கள்

தலைமையேற்றிருக்கும் தையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நூலக அம்மையார் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் மாடிப்படி வரை நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, ஊசி பிடித்துத் தழும்பேறிய விரல்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

மறைந்த நம் கட்பீஸ் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் இந்தக் கூட்டம் முடிந்ததும் எனக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் என் நாக்கே கூசும். எனக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறதே, அக்காவின் குடும்பப் போர்வை, அதை இரண்டாக வெட்ட வேண்டுமாம்! பாதி மகளுக்கு, பாதி மகனுக்கு. அவரவர் வரைந்த படம் அவரவருக்கு. காலையில் பிள்ளைகளின் தாய்மாமன் வந்து சொன்னார்: "நீங்கதான் கட்டிங் மாஸ்டர். நீங்க வெட்டினா ரெண்டு பேருமே மறுபேச்சு பேச மாட்டாங்க." மகனுக்கு மாலையில் ரயில். அதற்குள் முடித்துத் தர வேண்டும்.

இதோ முதல் வரிசையில் இந்த ஓரம் மகள், அந்த ஓரம் மகன். நடுவில் நாற்காலிகள் காலி. படிக்கட்டில் ஆள் நிற்கிறது, ஆனால் அங்கே போய் உட்கார ஒருவருக்கும் துணிச்சல் இல்லை!

அன்பர்களே, யார் இந்தக் கட்பீஸ் அக்கா? ஒரே கடையில் அவர் மெஷினில், நான் வெட்டுமேசையில். என் மேசையிலிருந்து விழும் கட்பீஸை, அதாவது துண்டுத் துணியை, நான் காலால் தள்ளுவேன், அவர் குனிந்து பொறுக்குவார். "மாஸ்டர், இது குப்பையா? ஒரு ஆளோட சட்டைக் கை இது. இப்படிக் குடுங்க." அப்படிப் பொறுக்கிய துணியை வைத்துத்தான் இந்த மாடி அறையைத் தொடங்கினார். ஒட்டுப் போர்வை தைக்க ஆசைப்பட்டுத் தனியாக வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "வீட்ல இருந்து இன்னொரு ஆளக் கூட்டிட்டு வா. ஒத்தை ஆளுக்கு இங்க வேலையில்ல." போர்வையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் வரைய வேண்டும், பிறகு அதன் மேல் தைக்க வேண்டும்.

"எனக்கு வரையவே வராதுக்கா, என்னத்த வரையறது?" என்று கையைப் பிசைந்தவர்கள் எத்தனை பேர்! நீங்களும்தானே தலைவரே? மற்ற இடத்தில் கிளியும் பூவும் அச்செடுத்துக் கொடுப்பார்கள். அக்கா என்ன சொன்னார்? "போன வாரம் வீட்ல எதுக்குச் சண்டை போட்டீங்க? அத வரைங்க!" அவ்வளவுதான், வராத கையெல்லாம் வந்துவிட்டது! ஒரு வீட்டிலிருந்து மூடி போடாத பேஸ்ட், ஒரு வீட்டிலிருந்து தாழ்ப்பாள் போட்ட குளியலறைக் கதவு, இன்னொரு வீட்டிலிருந்து வேகம் குறையாத ஃபேன். கற்பனை எங்கிருந்து வரும் என்று தேடி அலைகிறார்களே, அக்கா அதை அடுப்படியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது அக்காவின் சட்டம். வரைந்தவர் தைக்கக் கூடாது. உங்கள் படத்தை உங்கள் வீட்டு இன்னொரு ஆள்தான் தைக்க வேண்டும். நம் சலூன்காரர், மனைவி வாயைப் பிளந்து குறட்டை விடுவதை வரைந்துகொண்டு வந்தார். அந்த அம்மா ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? "என் குறட்டைய நானே தைக்கணுமா? மானம் போகுதே!" ஊசியை எடுத்தார், திட்டிக்கொண்டே தைத்தார். பாதியில் திட்டு நின்றுவிட்டது. "அக்கா, கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காருக்கா. நான் அசந்து போறத இந்த மனுசன் பார்த்திருக்காரு." அப்புறம் அந்த அம்மா அழுதார். சலூன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் வெயில் என்றார். அன்று நல்ல மழை!

என்ன மாமா, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? தம்பி, ரயிலுக்கு நேரமாகிவிட்டதா, எங்கே எழுந்துவிட்டீர்கள்? "பேச்ச முடிங்க மாஸ்டர், வேலையப் பாருங்க" என்கிறீர்களா? வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உட்காருங்கள். கத்தரியை வைப்பதற்கு முன்னால் துணியைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். தலைவரே, அந்த முனையைப் பிடியுங்கள். அம்மையாரே, நீங்கள் இந்தப் பக்கம். திருப்புங்கள்.

அடித்துணி இன்னும் வைக்கவில்லை, அதனால் முடிச்செல்லாம் வெளியே தெரிகிறது. தம்பி வரைந்த படங்கள் இந்தப் பாதி. சைக்கிள், பட்டம், உடைந்த கண்ணாடி. இந்த முடிச்சுகளைப் பாருங்கள், கடுகு மாதிரி. யார் கை இது? மகளின் கை! மகள் வரைந்த படங்கள் அந்தப் பாதி. மிளகு மிளகாக முடிச்சு, நடுநடுவே சிக்கல். இது யார் கை? தம்பி, சிரிக்காதீர்கள், உங்கள் கைதான்! சொந்த வீட்டிலும் அக்கா சட்டத்தைத் தளர்த்தவில்லை. இப்போது சொல்லுங்கள், இதில் எந்தப் பாதி யாருக்கு? உங்கள் படத்தைக் கொண்டுபோனால் அவள் கை அல்லவா கூடவே வருகிறது? எந்த இடத்தில் நான் கத்தரியை வைப்பது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மகன் வந்து பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகள் ஃபோனில் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: "இனிமே நீ வராத." அதோடு பேச்சு நின்றது. பெற்றவள் என்ன செய்வாள்? இருவரிடமும் கெஞ்சினார், வரையுங்கள் என்று. மகள் மாட்டேன் என்றாள். மகன் ஒருநாள் கடைக்கு வந்து என் மேசை மேல் வைத்தே வரைந்தார். மூலையில் மடித்துக் குண்டூசி குத்தியிருக்கிறதே, அதுதான். மகள் அதைத் தொடவே இல்லை. "அவன் வரைஞ்சத நான் தைக்கறதா?" நாங்கள் எல்லோரும் சொன்னோம், நீங்களே தைத்துவிடுங்கள் அக்கா என்று. "சட்டம்னா எனக்கும்தான். தைக்கறவதான் பிரிச்சுப் பாக்கணும். நீங்க வாயத் தெறக்கக் கூடாது மாஸ்டர்." அந்தக் கட்டம் தைக்காமலே அக்கா போய்விட்டார்.

பாப்பா, நீ மேடைக்கு வா. வெட்டுவதென்றால் அந்தக் கட்டமும் உன் தம்பி பாதியோடு போய்விடும். போவதற்கு முன் ஒரே ஒரு தரம் பிரித்துப் பார். தைக்க வேண்டாம், பார்த்தால் போதும். வழி விடுங்கள். மெதுவாக, குண்டூசி குத்தும்.

பார்த்துவிட்டாள். இனி நான் வாயைத் திறக்கலாம். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நீள பெஞ்சு, வட்டக் கண்ணாடி வைத்த கதவு. அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரியின் கதவு அது. அந்தக் கண்ணாடியில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் ஒரு பெண். கதவுக்கு வெளியே பையோடு ஒருவன்.

அமைதி! பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

"நீ வந்தியாடா?"

"வந்தேன்."

"உள்ள வர்றதுக்கு என்ன?"

"நீதான வராதன்னே."

"ஆத்திரத்துல ஆயிரம் சொல்லுவேன்! கேட்டுட்டு அப்படியே திரும்பிப் போயிடுவியா? அறிவிருக்கா உனக்கு?"

நல்லது. நன்றாகத் திட்டு பாப்பா. எத்தனை வருடத்துத் திட்டு! மாமா, நீங்கள் சமாதானம் செய்ய வராதீர்கள், உட்காருங்கள்.

அன்பர்களே, நான் அதிகம் படித்தவனில்லை, பெரிய உறுதிமொழியெல்லாம் வராது. இந்த மேடையில் நாலு வார்த்தை சொல்கிறேன். இந்தப் போர்வையில் என் கத்தரி படாது. இந்த அறை வழக்கமான கிழமையில் திறக்கும். துண்டுத் துணியை இனி நான் பொறுக்குவேன். கட்பீஸ் அக்காவின் சட்டம் அப்படியே நிற்கும், வரைந்தவர் தைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இன்று ராத்திரி ஒரு சண்டை வந்தால் விட்டுவிடாதீர்கள், பென்சிலை எடுங்கள். சரிதானே? கையைத் தூக்குங்கள்!

என்ன பாப்பா கேட்கிறாய்? ஊசியா? யாராவது ஒரு ஊசி கொடுங்கள். ஐயோ, ஒன்று போதும், ஒன்று போதும்!

தம்பி, ரயிலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மகள் என்னிடம் சொல்கிறாள், நான் அப்படியே சொல்லிவிடுகிறேன்: "அவன நகரச் சொல்லுங்க மாஸ்டர், வெளிச்சத்த மறைக்கறான்."

காதில் விழுந்ததா? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவள் தைக்கட்டும்.